கடைச் சுவரில் என் முகம்

ஓம், சந்திக் கடையில் தொங்கிய விளம்பரப் பனரை வெட்டியது நான்தான். வயது போய்விட்டது, மூளை பிசகிவிட்டது, சங்கத்துக்கு வந்த நல்லதைக் கெடுத்துவிட்டாள் என்று நீங்கள் ஆளுக்கொரு கதை கதைப்பது என் காதுக்கும் வந்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நீங்கள். படலையைத் திறந்து வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் கத்திவிடுவேன்.

முதலில் அந்தப் பயிற்சி வகுப்பு. கிளிநொச்சியில் குளிரூட்டிய மண்டபம். சத்துமா விற்கிற கம்பனி ஒன்று மாதர் சங்கத்துக்காரர் எல்லோரையும் வான் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. கன்னத்தோடு ஒட்டிய ஒலிவாங்கியும் இறுக்கிப் பிடித்த காற்சட்டையுமாக ஒரு பயிற்றுநர் வந்தான். எங்கள் பேரப்பிள்ளை வயது. "உங்களால முடியுமா?" என்று கத்தினான். "முடியும்!" என்று நீங்கள் கத்தினீர்கள். முழங்கால் பிடித்துப்போய் வாசற்படி ஏற முடியாதவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு முடியும், முடியும் என்று கத்தினோம். நானும் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாடு வேறு நன்றாக இருந்தது.

பிறகுதான் அவன் அதைச் சொன்னான். திரையில் ஒரு ஊரின் படத்தைப் போட்டு, நடுவில் ஒரு பெண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இழுத்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு ஊருக்குள்ள போனால் கடையைத் தேடாதேங்கோ. தலையைத் தேடுங்கோ. சனம் ஆற்ற சொல்லைக் கேக்குதோ, அந்தத் தலையைப் பிடிச்சால் ஊர் தன்பாட்டில பின்னால வரும். அதுதான் தலைமைத்துவம். அதுதான் சந்தைப்படுத்தல்."

நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குக் கை எழும்பவில்லை. குளிரூட்டியின் குளிர் என்று நினைத்துச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டேன். அது குளிர் இல்லை. என் கண்ணுக்கு அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் நின்றது என் அம்மா.

நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. முரசுமோட்டையில் வாய்க்காலுக்கு மேல் பாலம் இல்லாமல், பாவாடையைத் தூக்கிச் செருகி, புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போனோமே, அந்தக் காலம். அப்போது அம்மாதான் மாதர் சங்கத் தலைவி. பெயருக்குத் தலைவி இல்லை. பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், அரசாங்கக் கந்தோர் வாசலில் பாய் விரித்துக் குந்தியிருந்து, அந்தப் பாலத்தைக் கட்டுவித்தவர். காணி கிடைத்து யாழ்ப்பாணப் பக்கம் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் எல்லாம். ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர் வேறு, கும்பிடுகிற கோயில் வேறு, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற கூட்டம். அந்தக் கூட்டம் என் அம்மாவின் சொல்லைக் கேட்டது. எந்தச் சண்டை என்றாலும் கடைசியில், "தலைவியக்கா என்ன சொல்லுறா?" என்று வந்து நிற்பார்கள்.

அந்தப் பாலம் கட்டிய வருசம் ஆவணியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். கறுத்துக் கொழுத்த பிள்ளை. பால் குடிக்கும்போது ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். வயிறு நிறைந்தால்தான் கால் நிற்கும். அம்மா அந்தக் காலைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பார். கையை எடுத்ததும் மறுபடி ஆடும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுதுபோக்கு.

மாரி பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னே ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி பூட்டிய வெள்ளை வான் ஒன்று வந்து வாசிகசாலை முன்னால் நின்றது. அதில் வந்தவரைப் பால்மாக்காரர் என்றுதான் பிறகு எல்லோரும் சொன்னோம். நீளக் கை வெள்ளைச் சேட்டு. பவுடர் மணம். அவர் கடைக்குப் போகவில்லை. வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், இந்த ஊர்ப் பெண்கள் யாருடைய சொல்லைக் கேட்பார்கள் என்று. அவர்கள் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். என்னைப் பெற்ற ஐயா கதிரையை இழுத்துப் போட்டும் இருக்காமல் பாயிலே இருந்தார். அதிலேயே பாதி வென்றுவிட்டார். கந்தோர்க்காரர் யாரும் எங்கள் வீட்டுப் பாயில் இருந்ததில்லை.

"அக்கா, நான் விக்க வரேல்ல. உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனான்," என்றார். "வயலுக்க இறங்கி வேலை செய்யிற தாய்மாருக்குப் பால் எங்க பத்தும்? பிள்ளையள் மெலியுதுகள். நீங்கள் படிச்ச தலைவி. நீங்கள் முன்னுக்கு நிண்டால் மற்றவையும் விளங்கிக்கொள்ளுவினம்."

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படித்த தலைவி என்று அதற்கு முன்னே ஒருத்தரும் அவரைச் சொன்னதில்லை. அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ஐயா வாசல் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, "எங்கட பெடியன் கொழுத்துத்தானே கிடக்கிறான், அவனுக்கென்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அதுதான் அண்ணை வேணும்," என்று சிரித்தார் பால்மாக்காரர். "கொழுத்த பிள்ளையைத்தானே சனம் பாக்கும்."

இந்த ஒரு வசனத்தை நான் வாழ்நாள் முழுவதும் காவித் திரிந்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தம்பியைப் புகழ்ந்ததாகத்தான் பட்டது. ஐயாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அவரும் சிரித்தார்.

பால்மா அடைத்த தகரப் பேணிகளைத் தலைவிக்கு அன்பளிப்பு என்று கொடுத்துவிட்டு, மாதாமாதம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் போனார். அம்மா அவற்றை அலுமாரியில், கலியாணச் சேலைக்குப் பக்கத்தில் அடுக்கினார். பேணியிலே கன்னம் பிதுங்கிய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய வெள்ளித்தாள், அதைக் குத்தினால் பஃப் என்று ஒரு மணம். கள்ளமாக அள்ளி வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் கிண்டிக் கிண்டி எடுக்க வேண்டும். உள்ளே சின்னதாய் ஒரு அளவுக் கரண்டி இருந்தது. அதை ஏதோ நகை போல அம்மா துடைத்துத் துடைத்து வைப்பார்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஊர்க்காரரால் மட்டுமே செய்யக்கூடிய பிழை. மாரியில் எங்கள் வீடுகளில் பால் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காலபோக நெல் விதைத்துவிட்டால், பயிரில் வாய் வைக்காமல் இருக்க மாடுகளை எல்லாம் காட்டோரப் பட்டிகளுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அரிவு வெட்டு முடிந்தால்தான் மாடு திரும்பும். அதுவரை யார் வந்தாலும் பனங்கட்டித் துண்டும் வெறும் தேத்தண்ணியும்தான். அதில் யாருக்கும் குறையில்லை, எல்லா வீட்டிலும் அதுதானே.

இப்போது தலைவி வீட்டு அலுமாரியில் பால் இருக்கிறது. இருப்பது ஊருக்கே தெரியும். வந்தவருக்கு வெறும் தேத்தண்ணியை எப்படி நீட்டுவது? முதல் நாள் வந்த இரண்டு பேருக்கு அம்மா பால்மா கரைத்துத் தேத்தண்ணி ஊற்றினார். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். பிறகு மழையால் வேலை இல்லாத நாளெல்லாம் எங்கள் விறாந்தை நிறைய ஆட்கள். "தலைவியக்கா வீட்டுத் தேத்தண்ணி" என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் கோப்பை காவிக் காவி என் கால் உளைந்தது. உங்கள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் வந்தீர்கள். குடித்தீர்கள். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு நீங்கள் நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நாங்கள் பிள்ளைகள். ஆனால் குடித்தோம் என்பதையாவது ஞாபகம் வைத்திருங்கள்.

குடித்தவர்கள் வெறுமனே போகவில்லை. அம்மா அவர்களுக்குப் பால்மாவின் குணங்களை எடுத்துச் சொன்னார். பாலத்துக்காகக் கந்தோரில் கதைத்த அதே குரல், அதே அடுக்கு, அதே நியாயம். கேட்டவர்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள்.

"நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும் அக்கா."

எத்தனை வாயால் இதைக் கேட்டேன்!

அம்மாவிடம் இன்னொரு பிழையும் இருந்தது, அதைப் பிழை என்று சொல்ல என் வாய் கூசுகிறது. ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தான் வேறொன்று செய்யத் தெரியாதவர் அவர். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள், "உனக்குத்தான் பால் தாராளமாக் கிடக்கே, பிறகேன் அவனுக்குப் போத்தில்?" என்று கேட்டார்.

"மற்றவைக்குச் சொல்லிப்போட்டு நான் குடுக்காமல் இருந்தால் ஆர் என்னை நம்புவினம் மாமி?" என்றார் அம்மா.

அந்த நேர்மையைத்தான் அந்த மனிதர் பிடித்தார். ஒரு கள்ளியாக, ஒரு சோம்பேறியாக, ஊரை ஏமாற்றுகிறவளாக என் அம்மா இருந்திருந்தால் தம்பி தப்பியிருப்பான்.

கார்த்திகையில் வாசிகசாலையில் குழந்தைப் போட்டி வைத்தார் பால்மாக்காரர். தராசில் ஒவ்வொரு பிள்ளையாகக் கிடத்தினார்கள். தம்பி வென்றான். வெல்லாமல் என்ன? மாதக்கணக்காக அம்மாவின் பாலில் ஊறிய உடம்பு அது. போத்திலுக்கு வந்து கொஞ்ச நாள்தான். உடம்பை வளர்த்தது அம்மா, பரிசு போனது பேணிக்கு. அம்மாவின் மடியில் தம்பி, தம்பியின் பக்கத்தில் பேணி, இப்படி ஒரு படம் எடுத்தார்கள். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சந்திக் கடைச் சுவரில் மாட்டினார்கள். அம்மாவை அப்படிச் சிரித்து நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வெள்ளை வான் வரவில்லை. பாதையில் வெள்ளம் என்று அம்மா சொன்னார். வெள்ளம்தான். ஆனால் கடைக்குச் சாமான் லொறி வந்துகொண்டுதான் இருந்தது, அதில் பேணிப் பெட்டிகளும் வந்துகொண்டுதான் இருந்தன. வான் ஏன் வரவில்லை என்பது அன்றைக்குப் பெரியவர் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ஊர் கடைக்குப் பழகிவிட்டது. இனி அன்பளிப்பு எதற்கு?

நெல் இன்னும் வயலில் நின்றது. வெட்டும்வரை எங்கள் யாரிடமும் காசு புழங்காது. அலுமாரியில் பேணிகள் ஒவ்வொன்றாய்த் தட்டினால் வெறுஞ்சத்தம் போட்டன. விறாந்தையில் ஆட்கள் குறையவில்லை. அம்மா யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. தலைவி வீட்டில் நேற்றிருந்த பால் இன்றைக்கு இல்லை என்றால், பால்மா நல்லதில்லை என்று நிறுத்திவிட்டார்கள் என்றல்லவா ஊர் நினைக்கும்? ஆகவே தேத்தண்ணியிலும் தண்ணீர் கூடியது, போத்திலிலும் தண்ணீர் கூடியது. முதலில் வெள்ளையாக இருந்த போத்தில் பிறகு நீலம் பாய்ந்தது போல் இருந்தது. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீர் அது. காய்ச்சத்தான் செய்தார், ஆனால் ஈர விறகில் எது கொதித்தது, எது கொதிக்கவில்லை?

தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஒருநாள் அம்மா குசினிச் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்துகொண்டு அவனை மார்பில் பிடித்துப் பார்த்தார். அவன் இழுத்தான். இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டான். பால் வற்றிவிட்டிருந்தது. அம்மா மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்தார். விறாந்தையில் இருந்து யாரோ, "தலைவியக்கா, தேத்தண்ணி வருமோ?" என்று பகிடியாகக் கேட்டார்கள்.

மாமி வந்து, கடைச் சுவரில் படம் போட்டதால் வந்த கண்ணூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஊர் முழுக்க அதையே சொன்னது. கண்ணூறு, கண்ணூறு. பேணியை ஒருத்தரும் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தவர்களின் கண்ணைத்தான் பழி சொன்னார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் அவனை உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மா இறங்கவில்லை. மெசினின் பின்பெட்டியிலேயே இருந்து, துணிக்குள் கையை விட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து.

நெல் வெட்டி, சனத்தின் கையில் காசு வந்த பிறகு வெள்ளை வான் வந்தது. பால்மாக்காரர் படலையடியில் நின்று மிகவும் துக்கம் என்றார். இந்தத் தடவை சப்பாத்தைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை. ஐயாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது எனக்குக் கேட்டது.

"அண்ணை, இப்ப சங்கத்துக்கு ஆர் தலைவி?"

ஏனென்றால் அம்மா விலகிவிட்டார். விலக்கவில்லை, ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. தானாகக் கூட்டத்தில் பின்னுக்குப் போய் இருந்தார். கதைக்கச் சொன்னால் தலையை ஆட்டினார். கந்தோர் வாசலை அதிரப்பண்ணிய அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. ஊர் ஒரு பிள்ளையைத்தான் இழந்தது என்று நினைக்கிறது. ஊர் ஒரு தலைவியையும் இழந்தது. அதற்கு யாரும் அழவில்லை. அடுத்த தடவை வாய்க்கால் தண்ணீர் எங்கள் பக்கம் வராமல் மறித்தபோது கந்தோருக்குப் போய்க் கேட்க ஆளில்லாமல் நின்றோமே, அது ஏன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

படம் மட்டும் அங்கேயே இருந்தது. அம்மா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார். மண்ணெண்ணெய் வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். போத்திலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்தால் சுவரில் தம்பி. கொழுத்த தம்பி. அவனுக்குப் பக்கத்தில் பேணி. கீழே அதே பேணிகள் அடுக்கு அடுக்காக. "அந்தப் படத்தை இறக்கிவிடுங்கோவன்" என்று ஒரு பெரிய மனிதராவது சொல்லியிருக்கலாம். ஐயா சொல்லவில்லை. மாமி சொல்லவில்லை. வாசிகசாலையில் அரசியல் பேசிய ஒருவரும் சொல்லவில்லை. வடிவான படம், பழுதாக்கக் கூடாது என்றாராம் கடைக்காரர். பெண்கள் வந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். என் தம்பி செத்த பிறகும் அந்தச் சுவரில் இருந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தான்.

அந்த அளவுக் கரண்டி எங்கள் உப்புச் சட்டிக்குள் பல வருசம் கிடந்தது. அம்மா அதை எறியவும் இல்லை, வேறு எதற்கும் எடுக்கவும் இல்லை. இடம்பெயர்ந்து போனபோது சட்டியோடு எங்கேயோ போனது. அம்மாவும் போய்விட்டார்.

இனி அந்த மண்டபத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிவில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள் அல்லவா? நான் இப்போதைய தலைவி என்று நடுவில் இழுத்து விட்டு, கையில் சத்துமாப் பேணி ஒன்றைத் திணித்து, "சிரியுங்கோ அம்மா" என்று படம் எடுத்தார்கள். வகுப்பின் ஞாபகத்துக்கு என்றுதான் சொன்னார்கள். அடுத்த கிழமை சந்திக் கடையில் ஆள் உயரத்துக்கு என் முகம் தொங்கியது, பின்வரிசையில் உங்கள் முகங்கள். 'எங்கள் தலைவியின் தெரிவு' என்று கீழே எழுத்து. நீங்கள் போனில் அனுப்பி அனுப்பிப் பெருமைப்பட்டீர்கள். நான் இறக்கச் சொல்லிக் கடைக்காரப் பெடியனிடம் கேட்டேன். பயிற்றுநரிடம் கேட்கச் சொன்னான். பயிற்றுநரின் போன் வேலை செய்யவில்லை.

அதற்குள் என் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை வந்தாள், உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் போகிறவள். இடுப்பில் கைக்குழந்தை, மற்றக் கையில் அந்தப் பேணி.

"அம்மம்மா, வேலைக்குப் போறதால பால் குடுக்கிறதை விடலாமெண்டு பாக்கிறன். இதைக் கரைச்சுக் குடுத்தாக் காணும்தானே?"

"இது கைக்குழந்தைக்குக் குடுக்கிற சாமான் இல்லையடி பிள்ளை. ஆர் உனக்குச் சொன்னது?"

அவள் சிரித்தாள். "நீங்கள்தான். கடையில போட்டிருக்கே. நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

குழந்தை அவள் இடுப்பில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் குழந்தையும்தான் ஆட்டும். எனக்குத் தெரியும்.

அவளை இருக்கவைத்துக் கதைத்தேன். நீளமாகக் கதைத்தேன். விடிய எப்போது கொடுப்பது, வேலையால் வந்து எப்போது கொடுப்பது, கறந்து வைத்துவிட்டுப் போக முடியுமா என்று மருத்துவமாதுவிடம் எப்படிக் கேட்பது என்று எல்லாம். பேணியை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டு, முருங்கைக் காய் பறிக்கிற கொக்கச்சத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். முழங்கால் நோகவில்லை. முடியுமா என்று கேட்டானே அந்தப் பயிற்றுநர், முடிந்தது.

கடைக்காரப் பெடியன் ஓடி வந்தான். "என்ன வேலை அம்மம்மா இது? கம்பனிச் சாமானெல்லே!"

"சாமான் கம்பனியின்ரதான்," என்றேன். "முகம் என்ர."

நீங்கள் சொல்வது போல் நான் பனரைக் கிழித்து எறியவில்லை. போய் வடிவாகப் பாருங்கள், இன்னும் தொங்குகிறது. என் முகத்தை மட்டும்தான் வட்டமாக வெட்டி எடுத்தேன். அந்த ஓட்டைக்குள்ளால் இப்போது கடைச் சுவர் தெரிகிறது. பின்வரிசையில் நீங்கள் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவை உங்கள் முகங்கள், அதனால் நான் தொடவில்லை. கொக்கச்சத்தகம் என் வேலியில் சாத்தியிருக்கிறது. படலை திறந்துதான் கிடக்கிறது.